பலெர்மோவில் நான் மழுக்கிய கூர்

எனக்குப் பயம் பசி மாதிரி. நேரத்துக்கு வந்துவிடும். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை வாசிக்கும் வேலையில் இருபத்தேழு வருடம் இருந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்? ஏணியைப் பார்த்தால் விழுந்தவன் ஞாபகம் வரும். காஸ் அடுப்பைப் பார்த்தால் வெடித்த குசினி ஞாபகம் வரும். மன்னாரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட பிறகுதான் அங்கே உடுப்புக் காயப்போடவே விட்டேன். இப்படிப்பட்டவனை என் தங்கை ஜெசிந்தா பலெர்மோவுக்குக் கூப்பிட்டாள். அவளுடைய மகள் மெலானிக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு. ஞானத்தகப்பனாக நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பிள்ளையே கேட்டாளாம். மறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை விமானம் இறங்கும்போது ஒரு பக்கம் மொட்டைக் கல்மலை, மறுபக்கம் கடல். நடுவில் ஓடுபாதை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கண்ணை மூடினேன். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். வழக்கமாக ஒழுங்காக நடக்கிற காரியத்துக்கு யாராவது கை தட்டுவார்களா? அந்தக் கை தட்டலைக் கேட்டபின்தான் எனக்கு உண்மையாக வியர்த்தது.

ஜெசிந்தாவின் வீடு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில். பத்தொன்பது வருடமாக ஒரே சின்யோராவின், அதாவது எசமானியின், வீட்டில் வேலை செய்கிறாள். கணவன் மிலானோவில் ஒரு ஹோட்டல் குசினியில்; நத்தார்ப் பண்டிகைக்கு வந்து போனவன், உறுதிபூசுதலுக்கு லீவு கிடைக்கவில்லை. வந்து உட்கார்ந்ததும் அரன்சினா ஒன்றைத் தட்டில் வைத்தாள். சோற்றை உருண்டையாக்கி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்தது. நம்முடைய ரோல்ஸுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். உள்ளே அது நெருப்பாகச் சுடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மெலானிக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழைப் பாட்டுப் பாடுவது போல இழுத்துப் பேசுவாள். வாசல் நடையில், சுவரோடு சாய்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு துணிப்பை நின்றது. "என்ன பிள்ளை இது, மீன் தூண்டிலோ?" என்று கேட்டேன்.

"ஸ்கீ மாமா! சனிக்கிழமை எனக்கு மலையிலை போட்டி. நீங்களும் வாறீங்கள்."

சிசிலியில் பனி எங்கே என்று கேட்டேன். காரில் இரண்டு மணித்தியாலம் போனால் மதோனியே மலை, அங்கே மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் பனி என்றாள். சின்யோராவுக்கு மேலே ஒரு வீடு இருக்கிறது. குளிர்காலத்தில் சமைக்க ஜெசிந்தாவையும் கூட்டிப் போவார்கள். ஐந்து வயது மெலானியும் கூடவே போய், சின்யோராவின் பேரப்பிள்ளைகளோடு சறுக்கப் பழகியிருக்கிறாள். பேத்திக்குக் கட்டையாகிப்போன ஸ்கீப் பலகைகள்தான் அந்தப் பையில் இருந்தது. "விழுந்தால்?" என்றேன். "த்ராங்குவில்லோ, மாமா," என்றாள். பயப்படாதே என்று அர்த்தமாம். பதினாறு வயதுப் பிள்ளை ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குச் சொல்லுகிறது.

புதன்கிழமை ஜெசிந்தா வேலைக்கும் மெலானி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு பல்லரோ சந்தைக்கு இறங்கினேன். வாள்மீனின் தலையை வாள் வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்து விற்கிறார்கள். கொஞ்சம் குனிந்தால் யாருடைய கண்ணாவது போய்விடும். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப ஏறிய பஸ் பிழையான பஸ். அது என்னை நகரத்துக்கு வெளியே, சியாகுல்லியின் மண்டரின் பழத் தோட்டங்களுக்கு நடுவே கொண்டுபோய் இறக்கிவிட்டது. சாரதி இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பழம் பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்ததும் ஏணியிலிருந்தே கேட்டான். "அண்ணை தமிழோ? வழி மாறி வந்திட்டியள் போலை." முல்லைத்தீவுக்காரன். இறங்கி வந்து இரண்டு கை நிறைய மண்டரின் தந்தான். அடுத்த பஸ் வரும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். மாசி மாதத்தில் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவது போல் சுட்டது. வாயில் மண் கடித்தது.

"இது ஆபிரிக்காக் காத்து அண்ணை," என்றான். "ரெண்டு நாள் அடிக்கும். மலையிலை பனி எல்லாம் உருகித் தண்ணியாகும். பிறகு குளிர் திரும்பினால் அங்கை கல்லுத்தான். போன வருசம் அங்கை ஒரு வீட்டுக் கூரையிலை வேலை செய்யப் போனனான். நிக்கவே ஏலாது."

இந்தச் செய்தியை ஜெசிந்தாவிடம் கொண்டுபோனேன். "அண்ணா, நீ மன்னாரிலையே நல்ல செய்தி கொண்டு வாறதில்லை," என்று சொல்லிவிட்டு மீன்குழம்பை இறக்கினாள். சிசிலி மீனுக்கு மன்னார்த் தூள் போட்ட அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பயத்திலும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை நான் செய்த வேலையை எழுத இப்போதும் கை கூசுகிறது. வீட்டில் தனியாக இருந்தேன். நடையைக் கூட்டலாம் என்று அந்தப் பையை நகர்த்தினேன். சிப் திறந்திருந்தது. உள்ளே பிடித்துத் தூக்கியபோது சுட்டு விரலில் சுரீரென்றது. பார்த்தால் இரத்தம். பலகையின் அடிப்பக்கத்தில், இரண்டு கரையிலும், தலையிலிருந்து வால்வரை மெல்லிய இரும்பு ஓரம் பதித்திருந்தது. அதைச் சவர அலகு மாதிரித் தீட்டி வைத்திருந்தார்கள்.

உடனே என் மனதில் ஒரு கோரிக்கைப் படிவம் விரிந்தது. விழுந்தார், கால் மடங்கியது, சொந்தப் பலகையே தொடையை வெட்டியது. பதினாறு வயதுப் பிள்ளையின் காலில் நாலு கத்தியைக் கட்டி மலையிலிருந்து தள்ளுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் வீடுகளில் தேங்காய்த் திருவலையைக்கூடப் பல் சுவரைப் பார்க்கத் திருப்பித்தான் வைப்பார்கள். பிள்ளைகள் புழங்குகிற இடத்தில் கூர் வெளியே தெரியக் கூடாது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. கை தானாகச் செய்யும்.

குசினியில் ஜெசிந்தாவின் கத்தி தீட்டும் கல் இருந்தது. கல்லைச் சாய்த்து இழுத்தால் கூர் ஏறும். கூரின் மேலேயே வைத்து இழுத்தால் கூர் போய்விடும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணித்தியாலம் பொறுமையாக இழுத்தேன். நாலு ஓரமும் முடிந்தபின் விரலை ஓட்டிப் பார்த்தேன். பல் முளைக்காத குழந்தையின் ஈறு மாதிரி மழமழவென்று இருந்தது. இரும்புத் தூளைத் துடைத்து, பலகைகளைப் பையில் போட்டு, சிப்பை இழுத்து மூடினேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தால் சொல்லிக் காட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று உள்ளூரத் தெரிந்திருந்தது, அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை குளிர் திரும்பியது. உறுதிபூசுதல் ஒத்திகைக்காகக் கோயிலுக்குப் போகும் வழியில் எனக்குப் பல் கிட்டியது. ஒத்திகையில் பிள்ளையின் தோளில் வலது கையை வைத்து நிற்கச் சொன்னார்கள். நான் அழுத்திப் பிடித்துவிட்டேனாம். "மாமா, நான் ஓட மாட்டன்," என்று மெலானி சிரித்தாள். அன்று மாலை அவள் அந்தப் பையைச் சின்யோரா இரவல் தந்த காரின் மேலே கட்டினாள். திறந்து பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். சின்யோராவின் பழைய காரை ஜெசிந்தா ஓட்டினாள். மண்டரின் தோலின் மணம் கார் முழுக்க நிறைந்திருந்தது. மலை ஏற ஏற வீதியோரம் வெள்ளையாகியது. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் மெதுவாக வேறு திசையில் போகப் பார்த்தது. நான் கதவுக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அதைப் பிடிச்சால் கார் நிக்காது அண்ணா," என்றாள் ஜெசிந்தா. ஆனால் அவளுடைய குரலும் கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

பனி என்றால் இலவம்பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். காரிலிருந்து இறங்கி இரண்டாவது எட்டு வைப்பதற்குள் குண்டி அடிபட விழுந்தேன். சிமெந்துத் தரையில் விழுந்த மாதிரி. மெலானி சிரித்துக்கொண்டே பையைத் தோளில் போட்டாள். கையுறையோடு போன் பயன்படாது என்று அதை அம்மாவிடம் கொடுத்தாள். போட்டிக்கு முன் ஒரு தடவை பாதையைப் பார்த்து வருகிறேன் என்று கூட்டாளிப் பெட்டைகளோடு போய்விட்டாள். கம்பியில் தொங்கி ஓடுகிற கதிரைகள் அவர்களை இரண்டிரண்டு பேராக மேலே கொண்டுபோயின.

என்னைத் தூக்கிவிட்டவர் மெலானிக்குச் சறுக்கப் பழக்கிய துரி என்ற கிழவர். வெயிலில் கறுத்து, நம்மூர் மீன்பிடிச் சம்மாட்டி மாதிரி இருந்தார். அவர் பேசப் பேச ஜெசிந்தா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு இது பனி இல்லை, பளிங்கு. சுடுகாற்றில் உருகியது, பிறகு உறைந்தது, மேலே மெஷின் ஏறி அழுத்தியது. புதுப்பனியில் பலகை மிதந்து போகும், யார் வேண்டுமானாலும் நிற்பார்கள். இதில் மிதக்காது. முழங்காலைச் சரித்து, பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஓரத்து இரும்பைக் கடிக்க விட வேண்டும்.

"கடித்தால் தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போகலாம்," என்றார். "கடிக்காவிட்டால் பிடிக்க ஒன்றுமே இல்லை. எங்கே வலை இருக்கிறதோ அங்கேதான் நிற்கலாம்."

தன் பலகையைத் திருப்பி, ஓரத்தில் பெருவிரல் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினார். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. "மெலானியின் பலகையைப் போன ஞாயிறு நானே தீட்டினேன். இதைவிடக் கூர். அவளுக்கு இன்றைக்குப் பயமில்லை."

நான் ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஜெசி," என்றேன். "நான் அதை மழுக்கிப் போட்டன்."

"எதை?"

"பிள்ளையின்ரை பலகையின்ரை கூரை. வியாழக்கிழமை. உன்ரை கத்திக் கல்லாலை."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஏசவில்லை. துரியைப் பார்த்து இத்தாலியனில் கத்தினாள். அவர் நெஞ்சில் தொங்கிய வோக்கி டோக்கியை இழுத்து, மேலே நிற்பவனைக் கூப்பிட்டார். பதில் வரும்வரை காத்து நிற்க என்னால் முடியவில்லை. மேலே போய் அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. ஓடிப்போய், வந்த கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஏறிய பிறகுதான் கால் தரையில் இல்லை என்று தெரிந்தது. முன்னால் இழுத்துவிட வேண்டிய கம்பியை எப்படி இழுப்பது என்று தெரியவில்லை. கீழே ஒரு பனை உயரத்துக்கு ஒன்றுமில்லை. காற்றில் கதிரை ஆடியது. தூணைக் கடக்கும்போதெல்லாம் கடகடவென்று உதறியது. மருதமடு மாதாவைக் கூப்பிட்டபடி கண்ணைத் திறந்து பார்த்தபோது எனக்கு நேர் கீழே சறுக்குப் பாதை. மேலே, வளைவில், மெலானியின் மஞ்சள் தலைக்கவசம்.

அவள் வந்துவிட்டாள். சாய்வு குறைந்த இடத்தில் இரண்டு தடவை அழகாகத் திரும்பினாள். பிறகு செங்குத்து. "மெலானி! நில்லு!" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்தாள். பலகைகள் கடிக்கவில்லை. சத்தமே இல்லாமல், எண்ணெய் பூசிய தரையில் போவது போலப் பக்கவாட்டில் போயின. அவள் இடுப்பில் விழுந்தாள். ஒரு பலகை கழன்று எங்கோ பறந்தது. அவள் தலைகீழாகத் திரும்பி, கையுறைகளால் பனியைப் பிறாண்டிக்கொண்டு, என் காலுக்குக் கீழால் வழுக்கிப் போனாள். பாதை ஓரத்து வலையில் மோதி அதற்குள் சுருண்டுகொண்டாள்.

அசையவில்லை. கதிரை நிற்கவுமில்லை. அது என்னை மேலே மேலே கொண்டுபோனது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் பொட்டு சிறிதாகிக்கொண்டே போனது. இருபத்தேழு வருடம் மற்றவர்களின் விபத்துகளை வாசித்திருக்கிறேன். "சம்பவம் எவ்வாறு நிகழ்ந்தது" என்ற கட்டத்தில் என் பெயரை எழுத வேண்டிவரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மேலே நின்ற ஆள் என்னைக் கையில் பிடித்து இறக்கினான். வோக்கி டோக்கியைக் காட்டி ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. அவன் என்னை அடுத்த பக்கம் கொண்டுபோய்க் கீழே இறங்குகிற கதிரையில் ஏற்றிவிட்டான். இறங்கும்போது வலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். நடுவே மெலானி எழுந்து நின்றாள். நின்றாள் என்பதைக் கண்ட பிறகு எனக்கு அழுகை வந்தது.

கீழே ஒரு குடிலுக்குள் அவளை உட்கார வைத்திருந்தார்கள். கன்னம் உரசிச் சிவந்திருந்தது. இடுப்பில் ஐஸ்பை. எலும்பு ஒன்றும் உடையவில்லை என்றாள் ஜெசிந்தா, என்னைப் பார்க்காமல். கழன்று பறந்த பலகையையும் தேடி எடுத்து வந்திருந்தார்கள். துரி அதை மடியில் போட்டு நகத்தை இழுத்தார். ஒரு தூளும் வரவில்லை.

"நீங்களோ மாமா?"

"ஓம் பிள்ளை."

"ஏன்?"

"உன்னை வெட்டிப்போடும் எண்டு பயந்திட்டன்."

"உங்களுக்கு மட்டுமே பயம்?" என்றாள். "மேலை நிண்டு கீழை பாக்கேக்கை ஒவ்வொரு தரமும் எனக்குக் கால் நடுங்கும். அந்தக் கூர் பிடிக்கும் எண்டுதான் இறங்கிறனான். என்னட்டை வேறை ஒண்டும் இல்லை. அதைப் போய் எடுத்துப்போட்டீங்கள். பிறகு மேலையிருந்து கத்திறீங்கள். உங்கடை சத்தத்துக்கு நிமிந்ததிலைதான் விழுந்தனான்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துரி பலகைகளை ஒவ்வொன்றாக மேசையில் இறுக்கி அரத்தை எடுத்தார். வாலை அழுத்திப் பிடிக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். அவர் இழுக்க இழுக்க இரும்பு சுருள் சுருளாக வந்தது. நான் இரண்டு மணித்தியாலம் கெடுத்ததைச் சரிக்கட்ட அவருக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடித்தது. வெளியே போட்டி முடியப் போகிறது. விரும்பினால் கடைசி ஆளாக இறங்கலாம், விரும்பாவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று அவர் மெலானியிடம் சொன்னதாக ஜெசிந்தா சொன்னாள்.

"வீட்டை போவம்," என்றாள் ஜெசிந்தா.

மெலானி பலகைகளை மாட்டிக்கொண்டு கதிரை வரும் இடத்தில் போய் நின்றாள். ஒரு கதிரை வந்து போனது. ஏறவில்லை. இன்னொன்றும் போனது. மூன்றாவதும் போனது. காரில் நான் கைபிடியைப் பிடித்த மாதிரி வரிசைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இந்தப் பிள்ளை இதற்குப் பயப்பட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஆசைப்பட்டேன். இப்போது பயந்துவிட்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மாமா," என்றாள், திரும்பாமல். "மேலை வரைக்கும் வாறீங்களே? தனியப் போக ஏலாமல் கிடக்கு."

கோபம் தீர்ந்து கேட்கவில்லை. வேறு ஆளில்லாமல் கேட்டாள். ஜெசிந்தா தன் கணவனின் தோல் கையுறைகளை என் கையில் திணித்தாள். நான் ஏறினேன். இந்தத் தடவை முன்கம்பியை மெலானி இழுத்துவிட்டாள். வலைக்கு மேலாகப் போகும்போது அவள் விழுந்து இழுபட்ட தடம் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

உச்சியில் காற்று முகத்தை அறைந்தது. போட்டியைத் தொடக்கி வைப்பவன் மட்டும் கொடியோடு காத்திருந்தான். மெலானி விளிம்புவரை போனாள், திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"மாமா, கதிரையிலையே இறங்குவமே?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. ஓம் என்று சொன்னால் அவள் பத்திரமாக என் பக்கத்தில் இருப்பாள். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் என் பயம் சொல்வதைக் கேட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்.

"என்னைப் பாத்து முடிவெடுக்காதை பிள்ளை," என்றேன். "நான் ஏணியிலை ஏறவும் பயந்தவன். பலகையைக் கேள். அது பிடிக்குதில்லை எண்டால் வா, இறங்குவம்."

அவள் விளிம்புக்குப் போய்ப் பலகைகளைக் குறுக்கே நிறுத்தினாள். முழங்காலை மலைப் பக்கம் சரித்தாள். கரகரவென்று ஒரு சத்தம். ஒரு சாண் வழுக்கினாள், நின்றாள். இன்னொரு சாண். நின்றாள். குனிந்து தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொடக்கி வைப்பவனுக்குத் தலையை ஆட்டினாள்.

கொடி இறங்கியது. முதல் திருப்பம் கடித்தது. இரண்டாவது கடித்தது. செங்குத்தான இடத்துக்கு வந்தாள். மஞ்சள் தலைக்கவசம் வலைப்பக்கமாகச் சாய்ந்தது. என் தொண்டைவரை வந்துவிட்டது "நில்லு" என்ற சத்தம். வலது கையுறையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். அவள் கீழே போய் நின்று, ஜெசிந்தா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்ததைக் கண்ட பிறகும் அந்தக் கையுறையை வாயிலிருந்து எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.